கண்ணுக்கு முன்னாலுள்ள பகுதி

2016ஆம் வருஷம் நான் ஒரு கவிதையை வெட்டினேன். 340 வரி இருந்தது. 19 வரி ஆக்கினேன். வெட்டிய பிறகு அது ஒரு சிறுபத்திரிகையில் பிரசுரமாயிற்று. இரண்டு பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒருவர் கவிஞர். சொற்சிக்கனத்துக்கு உதாரணமாக நானே ஒரு கட்டுரையில் அதை எடுத்துக்காட்டினேன், வெட்டியது நான் என்பதைச் சொல்லாமல். எழுதியவர் அதன் பிறகு எந்தப் பத்திரிகைக்கும் எதையும் அனுப்பவில்லை. போன வருஷம் மாரடைப்பில் காலமானார். இக்கட்டுரையை அவருக்கு அஞ்சலி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அஞ்சலிகளில் எழுதுகிறவனுக்குச் சௌகரியமான ஒரு இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

அவர் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொண்டவர். டெமான்ஸ்ட்ரேட்டர் என்பார்கள். கண்ணாடிச் சில்லுகளை எடுத்து வைப்பது, நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுப்பது, ஃபார்மலின் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டுவது, மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் படங்களைத் திருத்துவது. சம்பளக் கணக்கு நான் குமாஸ்தாவாக இருக்கும் கிளையில். (குமாஸ்தாவுக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை அதேதான்.) பாஸ்புக் பதிய வந்தவர், கவுண்டருக்குக் கீழே நான் விரித்து வைத்திருந்த பத்திரிகையின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னும் வருதா?" என்று கேட்டார். அப்படித்தான் பழக்கம். என்னைவிட இருபது வயது பெரியவர். நான் அவரை சார் என்பேன். அவரும் என்னை சார் என்பார். கடைசிவரை இது மாறவில்லை.

கவிதையை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் விஷயம் பிளனேரியா என்னும் தட்டைப்புழு. நன்னீரில், ஓடைக் கற்களின் அடியில், வெளிச்சத்துக்கு ஒதுங்கி வாழ்வது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும். எனக்கு அந்தப் புழுவைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவனுக்குப் புழு என்றால் படிமம். வெட்டுப்பட்டு இரண்டாகும் உயிர் என்றால் பிளவுண்ட மனம், நவீன மனிதன், இன்ன பிற. ஒரு டெமான்ஸ்ட்ரேட்டருக்குப் புழு என்றால் புழு என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

நான் வெட்டிய விதத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. எலியட்டின் 'பாழ் நிலம்' எங்களுக்குப் பாடம். 1922இல் வந்த அந்தக் கவிதையின் கையெழுத்துப் பிரதியை எஸ்ரா பவுண்ட் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார் என்பதும், பவுண்டின் அடித்தல் திருத்தல்களோடு அந்தப் பிரதி 1971இல் புத்தகமாக வந்தது என்பதும் பரீட்சைக்கு வேண்டாத சேதிகள். ஆனால் எனக்கு அவைதான் மனதில் தங்கின. எலியட்டாக முடியாதவர்கள் பவுண்டாகலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. தமிழில் அதற்கு அனுகூலமான சூழ்நிலையும் இருந்தது. 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து நம் புதுக்கவிதைக்கு வாய்த்த நல்ல குணங்களில் ஒன்று, வார்த்தை விரயத்தின்மேல் அதற்குள்ள அருவருப்பு. மேடைக் கவிதையின் இரைச்சலுக்கு எதிராக அது அவசியமாகவும் இருந்தது. என் தலைமுறைக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு கைப்பழக்கம். கவிதையைப் பார்த்தவுடன் பென்சிலை எடுக்கும் பழக்கம்.

எதை வைத்துக்கொண்டேன்? புழுவின் கண்கள் வருகிற இடத்தை. பிளனேரியாவுக்கு முகத்தில் இரண்டு கண்பொட்டுகள், மாறுகண் போலத் தெரியும். வெட்டுப்பட்ட துண்டில் அந்தக் கண்கள் திரும்ப எழுவதை அவர் அற்புதமாக எழுதியிருந்தார். இன்றும் அப்படித்தான் சொல்வேன். முதலில் நிறமில்லாத வெள்ளை நுனி, அப்புறம் அதில் இரண்டு ஊசிமுனை. எதை எறிந்தேன்? ஆட்டு ஈரலை நூலில் கட்டி ஓடையில் இறக்கிப் புழுக்களைச் சேகரிக்கிற நீண்ட பகுதி. மோர்கன் என்ற பெயரும் 279 என்ற எண்ணும். அமெரிக்காவில் ஒரு பத்திரிகையைப் பற்றி ஒரு தமாஷ். எக்ஸ்ரே பற்றி ஏதோ. தலைப்பில்லாமல் இரண்டு தடவை ஆரம்பிக்கும் ஒரு பக்கம். ஓரத்தில் 'தகவல்', 'பாடப் புத்தகம்', 'கவிதைக்கு வெளியே' என்று பென்சிலால் எழுதினேன். மீந்த 19 வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். தலை போன துண்டு அசையாமல் கிடப்பதைச் சொல்லும் வரியில் அவர் 'பசி' என்று எழுதியிருந்தார். நான் அதை 'மௌனம்' என்று ஆக்கினேன். கடிதம் எழுதிய கவிஞர் அந்தச் சொல்லைக் குறிப்பாகப் பாராட்டியிருந்தார்.

அவர் ஆட்சேபிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "சரி சார், உங்களுக்குத் தெரியும்" என்றார்.

போன வருஷம் அவர் மனைவி கணக்கை முடிக்க வந்தார். இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, படிவம். இத்தகைய படிவங்களை வாரத்துக்கு ஒன்றாவது பூர்த்தி செய்கிறேன். கை தானாக எழுதும். அன்று இரண்டு தடவை தப்பாக எழுதி வேறு படிவம் எடுத்தேன். வேலை முடிந்ததும் பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து வைத்தார். "இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லி அவர் ஒண்ணும் சொல்லல தம்பி. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன். உங்க கையெழுத்து இருக்கு."

அன்றிரவு நோட்டைப் பிரித்தேன். முதல் பாதியில் 340 வரிகளும், என் பென்சில் கோடுகளும். பின் பாதி முழுக்க 2016க்குப் பிறகு எழுதியது. எனக்குப் படிக்கத் தெரிந்தது, புரியவில்லை. புரியாததற்குக் காரணம் கவிதை அல்ல, புழு. ஆகவே புழுவைப் படிக்கத் தொடங்கினேன். மூன்று மாதம், பாங்கிலிருந்து வந்த பிறகு. நான் வெட்டிய கவிதையை நான் முதன்முதலாகப் படித்தது அந்த மூன்று மாதத்தில்தான்.

இந்தப் புழு வெட்டுக்குச் சாவதில்லை என்பது பழைய சேதி. 1766இலேயே பல்லாஸ் எழுதியிருக்கிறார். எடின்பரோவில் டாலியெல் 1814இல், கத்தி முனையில் இதை அமரஜீவி என்றே சொல்லிவிடலாம் என்கிற மாதிரி வியந்திருக்கிறார். கணக்குப் பார்த்து வெட்டியவர் தாமஸ் ஹன்ட் மோர்கன். பழ ஈக்களைக் கொண்டு மரபணுக்கள் குரோமோசோமில் இருப்பதை நிறுவி 1933இல் நோபல் பரிசு பெற்றவர் என்றே அவரை உலகம் அறியும். அதற்கு வெகு முன்னால், 1890களில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் அவர் வாத்தியார். அப்போது புழுக்களைக் குறுக்காகவும் நெடுக்காகவும் சாய்வாகவும் வெட்டிக்கொண்டிருந்தார். புழுவின் 279இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுப் புழுவாகும் என்று 1898இல் எழுதினார். நான் அடித்த எண் அது. குறுக்கே மிகக் குட்டையாக வெட்டிய துண்டு சில சமயம் இரண்டு பக்கமும் தலையாக வளர்ந்துவிடும் என்பதையும் கண்டார்.

அவர் கண்ட இன்னொன்று என்னை உட்காரவைத்துவிட்டது. எந்தத் துண்டும் வளரும் என்றேன். இரண்டு துண்டுகள் வளரா. ஒன்று, புழு தீனி உறிஞ்சுவதற்கு வயிற்றின் நடுவிலிருந்து நீட்டும் குழல். மற்றொன்று, தலையில் கண்களுக்கு முன்னாலுள்ள நுனி. முகம் என்று நாம் சொல்லக்கூடிய இடம். புழு எதை முன்னிட்டு நகர்கிறதோ, எதனால் உலகத்தைத் தொட்டறிகிறதோ, அந்த நுனியைத் தனியே வெட்டி வைத்தால் அது எதுவாகவும் ஆகாமல் அழிந்துபோகும். வாலில் அடையாளமில்லாத ஒரு சதைத்துணுக்கு, வாயும் இல்லை கண்ணும் இல்லை, ஒரு வாரம் பத்து நாளில் தலை வளர்த்துக்கொண்டு புறப்பட்டுவிடும்.

காரணம் பின்னால் தெரிந்தது. பிளனேரியாவின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாக, உருண்டையாக, எந்த உறுப்பின் சாயலும் இல்லாத செல்கள் பரவிக் கிடக்கின்றன. உட்கரு பெரிது, அதைச் சுற்றி மற்றது சொற்பம். வளர்ந்த புழுவில் பிரிந்து பெருகக்கூடிய செல்கள் இவை மட்டுமே. நரம்பு, தசை, குடல், தோல் எல்லாம் தேய்ந்து உதிர உதிர இவற்றிலிருந்துதான் புதிதாக வருகின்றன. குருத்தணுக்கள். இவற்றுக்கு நியோபிளாஸ்ட் என்று பெயர் வைத்தவர் ஹாரியட் ராண்டால்ஃப் என்ற பெண்மணி. முதலில் வேறொரு புழுவில் கண்டு பெயரிட்டார், பிறகு பிளனேரியாவிலும் கண்டார். மோர்கன் இருந்த அதே பிரின் மாரில் அவருக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? டெமான்ஸ்ட்ரேட்டர். நண்பர் இதை அறிந்திருந்தார். 340 வரியில் அந்த அம்மாளுக்கு நாலு வரி இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் போட்டிருந்தது ஒரு கேள்விக்குறி.

இந்தச் செல்கள் உடம்பில் எங்கும் உண்டு, இரண்டு இடங்களைத் தவிர. உறிஞ்சுகுழலில் இல்லை. கண்களுக்கு முன்னால் இல்லை.

நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று வாசகர் இதற்குள் கண்டுகொண்டிருப்பார். பூர்த்தியானதை. கண் எழுகிற இடத்தை. எது ஏற்கெனவே கவிதையாகிவிட்டிருந்ததோ அதை. எது இன்னும் எதுவுமாக ஆகாமல், தகவலாக, தமாஷாக, பாடப் புத்தகமாகக் கிடந்ததோ அதைக் கழித்தேன். விமர்சகனுக்கு வேறு என்னதான் கண்ணில் படும் என்று எனக்காக நான் வாதாடிப் பார்த்ததுண்டு. ஒரு கவிதையில் எந்த வரிகள் ஜெயித்திருக்கின்றன என்று சொல்லலாம். எந்த வரிகளில் அந்தக் கவிஞனின் அடுத்த பத்து வருஷம் கிடக்கிறது என்பதை எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? எலியட் விஷயத்திலேயே இது நடந்திருக்கிறது. 1935இல் வந்த 'தேவாலயத்தில் கொலை' நாடகத்தில் மேடைக்கு ஒத்துவராது என்று கழிக்கப்பட்ட வரிகளிலிருந்துதான் 'பர்ன்ட் நார்ட்டன்' முளைத்தது. அதிலிருந்து 'ஃபோர் குவார்டெட்ஸ்' வரை போயிற்று. பவுண்டின் பென்சிலைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்த வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பென்சிலைத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

நாம் உருவம் உருவம் என்று பேசுவதன் ஊற்று அரிஸ்டாட்டில். ஒரு பகுதியை எடுத்தால் முழுமை குலைந்துபோக வேண்டும். எடுத்தும் ஒன்றும் ஆகவில்லையென்றால் அது அந்த முழுமையின் பகுதியே அல்ல. காவிய இயலில் இப்படிச் சொன்னவர், ஆன்மாவைப் பற்றி எழுதும்போது, சில பூச்சிகளைத் துண்டித்தால் ஒவ்வொரு துண்டும் உணர்ச்சியோடு அசைந்துகொண்டிருக்கிறதே என்று நின்று யோசித்திருக்கிறார். விமர்சகர்களான நாம் முதல் அரிஸ்டாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டோம். கவிதை ஒரு உயிர் என்று கூசாமல் எழுதுகிறோம். எந்த உயிர் என்று கேட்டுக்கொள்வதில்லை. நாம் நினைத்துக்கொள்வது மனித உடம்பை. அதுவும் கை கால் திருத்தமான சிலையை.

மோர்கனின் ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் உண்டு. வெட்டுப்பட்ட துண்டு, இல்லாமல் போனதை மட்டும் ஒட்டவைத்துக்கொள்வதில்லை. இருப்பதையும் மாற்றிக்கொள்கிறது. வாயில்லாத துண்டால் தின்ன முடியாது. எனவே புதிய தலைக்கும் குழலுக்கும் வேண்டிய பொருளைத் தன் சதையிலிருந்தே எடுத்தாக வேண்டும். பழைய சதை தன்னைக் கலைத்து, புதிய சிறிய உடம்பின் விகிதத்துக்குத் தன்னை அடுக்கிக்கொள்கிறது. அந்த நாட்கள் பூராவும் அதற்குப் பட்டினி. ஆக, தலை போன துண்டு அசையாமல் கிடப்பதற்கு அவர் இட்ட பெயர் 'பசி' என்றால், அது அணி அல்ல, படிமம் அல்ல, அது அப்படித்தான். என் 'மௌனம்' எங்கிருந்து வந்தது? நூறு புதுக்கவிதைகளிலிருந்து. எந்த வரியில் வைத்தாலும் ஆழமாகத் தோன்றும் சொற்களின் டப்பா ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கிறது.

பட்டினியைப் பற்றி இன்னும் ஒன்று. முழுப் புழுவையும் தீனியில்லாமல் விட்டால் அது மெலிவதில்லை, சிறுக்கிறது. செல்களின் எண்ணிக்கை குறைந்து, கண்ணும் மூளையும் குடலும் ஒரே விகிதத்தில் குறுகி, மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரிவது சிரமம் என்கிற அளவுக்குப் போகும். தீனி கிடைத்தால் திரும்ப வளரும். நீளமான ஒன்று குறுகுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பென்சிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எக்ஸ்ரே பகுதிக்கு வருகிறேன். கதிர் பட்ட பிளனேரியா மறுபடி வளரும் சக்தியை இழக்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. பிரிந்து பெருகும் செல்களைத்தான் கதிர் முதலில் கொல்லும். பிளனேரியாவில் அவை நியோபிளாஸ்ட்டுகள் மட்டும். புழு உடனே சாவதில்லை. நகர்கிறது, பார்த்தால் ஒன்றும் ஆனதாகத் தெரியாது. ஆனால் தேய்கிற எதற்கும் ஈடு வருவதில்லை. முதலில் தலை கரைந்து பின்வாங்குகிறது. பிறகு உடம்பு வயிற்றுப் பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. 1940களில் பிரான்சில் வொல்ஃப் என்பவரும் துய்புவா என்ற பெண்மணியும் புழுவின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு மற்றதன்மேல் கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர் பட்ட பக்கத்தை வெட்டினால், தாமதமாக, ஆனாலும் வளர்ந்தது. மறைத்து வைத்த பகுதி எவ்வளவு தூரமோ அவ்வளவு தாமதம். காயத்தை நோக்கி உள்ளேயிருந்து ஏதோ நடந்து வருகிறது.

நண்பர் இதை 40 வரி எழுதியிருந்தார். நான் 'கவிதைக்கு வெளியே' என்று எழுதியது இதன் ஓரத்தில்தான். அவசரமாகப் படித்ததில் ஒன்றைக் கவனிக்கவில்லை. பாதிக்கு மேல் அதில் வருவது புழு அல்ல. அவருடைய அம்மா. ஒரு ஆஸ்பத்திரியின் கதிர்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, எண் கூப்பிடும் வரை, நீல ரெக்சின் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா. கவிதையில் அம்மா என்ற சொல் கிடையாது. புழுவைச் சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று, தலைமயிர் கொட்டியதைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொள்கிற ஒருத்தி. சம்பந்தமில்லாமல் வருகிறது என்று எண்ணினேன். நாற்காலியின் நிறம் எதற்கு என்றும் எண்ணியிருப்பேன்.

அமெரிக்கப் பத்திரிகை பற்றிய தமாஷையும் சொல்லிவிடுகிறேன். சிறுபத்திரிகைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மக்கானல் என்ற உளவியல்காரர், பிளனேரியாவுக்குப் பாடம் கற்பிக்கலாம் என்று 1950களில் சோதனைகள் செய்தார். வெளிச்சம் போட்டு உடனே மின்சார அதிர்ச்சி கொடுத்தால், பிறகு வெளிச்சத்துக்கே புழு சுருங்கும். அதை வெட்டி வளரவிட்டால் வால் பக்கத்திலிருந்து வந்த புழுவும் பாடத்தை மறக்கவில்லை என்றார். பின்னால் ஒரு படி மேலே போய், பாடம் படித்த புழுவை நறுக்கிப் படிக்காத புழுவுக்குத் தின்னக் கொடுத்தால் அதற்கும் பாடம் வருகிறது என்றார். மற்றவர்கள் செய்து பார்த்ததில் அது நிலைக்கவில்லை. இவர் 1959இல் 'வொர்ம் ரன்னர்ஸ் டைஜஸ்ட்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் கேலியும் கார்ட்டூனும் கலந்து வரும். எது நிஜம் எது கேலி என்று விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை என்று புகார் வந்தது. பிறகு கேலிப் பகுதியைப் பின்னாலிருந்து தலைகீழாக அச்சிட்டார். இரண்டு பக்கமும் அட்டை, இரண்டு பக்கமும் தலை. 1985இல் அவர் வீட்டுக்கு வந்த ஒரு பார்சல் குண்டில் அவருடைய செவி பழுதுபட்டது. பல பேருக்குக் குண்டு அனுப்பிவந்த யூனபாம்பரின் வேலை. 2013இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷோம்ராட், லெவின் என்ற இருவர், மனிதக் கை படாமல் இயந்திரத்தை வைத்துப் புழுக்களைப் பழக்கி, தலையை வெட்டி, இரண்டு வாரத்தில் புதுத் தலை வந்த பிறகு பரிசோதித்தார்கள். தானாக ஞாபகம் வந்துவிடவில்லை. ஒரே ஒரு தடவை சுருக்கமாக நினைவூட்டியதும், பழகாத புழுக்களைவிட இவை சீக்கிரம் பிடித்துக்கொண்டன. மூளை போன பிறகு அது எங்கே இருந்தது என்பது வேறு விஷயம். நண்பர் இதையெல்லாம் கேலியும் நிஜமும் பிரியாத ஒரு நடையில், பல்லிடுக்கில் சிரித்துக்கொண்டு எழுதியிருந்தார். அவர் சிரித்து நான் நேரில் பார்த்ததில்லை.

இனி அந்த நோட்டின் பின் பாதி. நான் கழித்த பகுதிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கத்தில் திரும்ப எழுதி, அதற்குக் கீழே வளர்த்திருக்கிறார். பதினொன்று. எல்லாம் நன்றாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மோர்கன் பகுதி வெறும் வாலாகவே நீண்டுகொண்டு போகிறது. இரண்டு தடவை ஆரம்பிக்கும் பக்கம் இப்போது இரண்டு பக்கமாகி, எதிரெதிர்த் திசையில் போகிறது, முடிவே இல்லை. ஈரல் பகுதி முழுசாக நிற்கிறது. முட்டைகூட நுழையாத ஒரு வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை கசாப்புக் கடை வரிசையில் நின்று நூறு கிராம் ஈரல் வாங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாக வருகிறார். அம்மாவின் பகுதி 110 வரி. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு விமர்சனம் எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதற்காக அல்ல. அது முதலில் அச்சில் வரட்டும்.

என் 19 வரிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். அச்சில் வந்த பத்திரிகைப் பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார். அதற்குக் கீழே தேதி போட்டிருக்கிறது, 2017இல் இரண்டு, 2019இல் ஒன்று, 2022இல் ஒன்று. தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. நாலு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பக்கத்தின் தலையில், மற்றப் பகுதிகளுக்கு 'ஈரல்', 'கதிர்' என்று தலைப்பு எழுதியிருப்பதுபோல, இதற்கு 'சார் கவிதை' என்று எழுதியிருக்கிறது.

அதைக் கோபம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். கோபமாக இருந்தால் சுலபம். லேபிள் ஒட்டுகிறவரின் கை அது. எந்த ஜாடியில் எது இருக்கிறதோ அதை எழுதும். 2011இல் வாக்னர், வாங், ரெட்டியன் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கதிரால் எல்லா நியோபிளாஸ்ட்டுகளையும் இழந்து சாகவிருந்த புழுவுக்குள், வேறொரு புழுவின் ஒரே ஒரு நியோபிளாஸ்ட்டைச் செலுத்தினார்கள். சில புழுக்களில் அந்த ஒரு செல் பெருகி, பரவி, தேய்ந்த பகுதிகளுக்கெல்லாம் ஈடு கொடுத்தது. புழு பிழைத்தது, தலையை வெட்டினால் தலை வளர்த்தது. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல, பழைய செல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அந்த உடம்பு முழுக்க, கொடுத்த புழுவின் வழித்தோன்றலாக ஆகிவிட்டது. வெளியே பார்த்தால் அதே புழு. இதைப் படித்த அன்று 'மௌனம்' என்ற சொல்லைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒப்புமை சரியல்ல. அந்த ஒரு செல் புழுவைப் பிழைக்கவைத்தது.

இப்போது 340 வரியையும் பதினொரு பகுதிகளையும் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். 'பசி' திரும்பி வந்துவிட்டது. எழுத்துப் பிழைகளைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று உறுதி. கை பரபரக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஈரல் பகுதியில் எட்டு வரி அதிகம்தான். பிரசுர விஷயமாக அவர் மனைவியின் சம்மதம் கேட்கப் போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்தார். கவிதை அவருக்கு அவ்வளவாக ஈடுபாடில்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பிறகு கேட்டார்:

"அந்தப் புழு நெஜமாவே அப்படி வளருமா தம்பி?"

வளரும் என்றேன். நான் பார்த்ததில்லை என்றும் சொன்னேன்.

"நானும் சரியாப் பாத்ததில்ல. மலையிலேருந்து பிடிச்சிட்டு வந்தேன்னு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, மாடிப்படிக்குக் கீழ கருப்புத் துணி சுத்தி வச்சிருந்தார். வருஷக்கணக்கா இருந்துது. அந்தப் பக்கமே நான் போக மாட்டேன்."

பாட்டில் எங்கே என்று கேட்டேன்.

"அவர் போய் ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தேன். உள்ள ஒண்ணும் தெரியல, வெறும் தண்ணி. கொல்லையில கொட்டிட்டேன்."

கொல்லையில் எந்த இடம் என்று கேட்டேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்றார்.